உளப்பகுப்பாய்வில் கடந்த காலத்தை மீட்டுருவாக்குவது: எதை வைத்து, எப்படி, எதற்காக?

கேள்வி இதுதான்: உளப்பகுப்பாய்வு சிகிச்சையில், சிகிச்சை பெறுபவருக்கே நினைவில்லாத சிறுவயது விஷயங்களைச் சிகிச்சையாளர் எடுத்துச் சொல்கிறாராமே. அவருக்கு அது எப்படித் தெரிகிறது? உண்மைதான் என்று எப்படி உறுதி செய்வது? உறுதி செய்ய முடியாவிட்டால் அதனால் என்ன பயன்?

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறந்துபோன ஒரு சம்பவத்தைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுப்பது மீட்டுருவாக்கத்தின் வேலை அல்ல. ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. மனைவியிடமோ மேலதிகாரியிடமோ சிகிச்சையாளரிடமோ இன்று ஒருவருக்கு வரும் பயம், வேறொரு வயதில் வேறொருவரிடம் தொடங்கியது என்று அவருக்கே அடையாளம் தெரியவைப்பதுதான் வேலை. பழையது பழையதாகத் தெரிந்தால்தான் எதிரில் இருப்பவரை அவராகவே பார்க்க முடியும். அதற்குக் கடந்த காலத்தைப் பற்றி ஓர் ஊகம் வேண்டியிருக்கிறது. ஊகம் என்பதை மறக்காமல் மேலே படியுங்கள். இந்தத் துறையில் நேர்ந்த பெரிய விபத்துகள் பலவும், ஊகத்தைக் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

1895-இல் மருத்துவர் ஜோசஃப் பிராயரும், உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்டும் ஹிஸ்டீரியா (உடலில் காரணம் காண முடியாத முடக்கம், வலிப்பு போன்ற நோய்க்குறிகள்) பற்றிய ஆய்வை வெளியிட்டபோது கணக்கு எளிதாக இருந்தது: அமுங்கிப்போன நினைவு அதற்குரிய உணர்ச்சியோடு வார்த்தையில் வந்துவிட்டால் நோய்க்குறி போய்விடும். ஃபிராய்ட் அந்நாளில் நோயாளியின் நெற்றியில் கையை வைத்து அழுத்தி, இப்போது ஏதாவது நினைவுக்கு வரும் என்று வற்புறுத்துவார். வரவும் செய்தது. சிக்கலும் அங்கேதான். வற்புறுத்தினால் ஏதாவது வரத்தான் செய்யும். சிறுவயதுப் பாலியல் அத்துமீறலே ஹிஸ்டீரியாவின் வேர் என்று 1896-இல் அறிவித்தவர், 1897 செப்டம்பர் 21 அன்று நண்பர் வில்ஹெல்ம் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கொள்கையைக் கைவிட்டார். அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று இன்றைக்கும் செல்லுபடியாகும்: எது நடந்தது, எது உணர்ச்சி ஏறிய கற்பனை என்று பிரித்துக் காட்டும் முத்திரை எதுவும் நனவிலி மனதில் கிடையாது. 1899-இல் திரை நினைவுகள் பற்றி எழுதினார். முக்கியத்துவமே இல்லாத ஒரு சிறுவயதுக் காட்சி விசித்திரமான தெளிவோடு நினைவில் நிற்கிறதென்றால், அது வேறொன்றை மறைத்துக்கொண்டு நிற்கலாம். அந்தக் காட்சியேகூடப் பிற்காலத்தில் உருவானதாக இருக்கலாம்.

அடுத்த திருப்பம் 1914-இல் வந்தது. நடைமுறைக்கு இதுதான் ஆகப் பெரியது என்பது என் கணிப்பு. மறந்ததை நோயாளி நினைவுகூர்வதில்லை, தான் அறியாமல் செய்து காட்டுகிறார் என்றார் ஃபிராய்ட். பெற்றோரின் அதிகாரத்தை எதிர்த்தது அவருக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் சிகிச்சையாளரிடம் அப்படியே முறுக்கிக்கொண்டு நிற்பார். பழைய உறவின் உணர்வுகளைச் சிகிச்சையாளர் மேல் ஏற்றும் இந்தப் போக்குக்கு டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். அன்று முதல், கடந்த காலத்துக்கான முதன்மை ஆதாரம் நோயாளியின் ஞாபகம் அல்ல, அறைக்குள் அவர் நடந்துகொள்ளும் விதம் என்று ஆனது.

1937-இல், இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், பகுப்பாய்வில் கட்டுமானங்கள் என்ற கட்டுரையில் ஃபிராய்ட் இதற்கு இலக்கணம் வகுத்தார். ஒரு கனவுத் துணுக்கையோ வாய் தவறி வந்த சொல்லையோ எடுத்துப் பொருள் சொல்வது விளக்கம். மறந்துபோன வாழ்க்கையின் ஒரு பகுதியையே கோவையாக முன்வைப்பது கட்டுமானம்; மேலே மீட்டுருவாக்கம் என்று சொன்னதும் இதைத்தான். அவர் தரும் மாதிரியின் போக்கு ஏறத்தாழ இப்படி: இன்ன வயதுவரை அம்மா தனக்கு மட்டுமே சொந்தம் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள், இன்னொரு குழந்தை வந்தது, பெரிய ஏமாற்றம், அம்மா கொஞ்ச நாள் விலகியிருந்தார், திரும்பி வந்த பிறகும் பழையபடி இல்லை. இத்தனைக்கும் ஒரு நினைவுகூட வராமல் போகலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கட்டுமானம் சரிதான் என்ற உறுதி நோயாளிக்கு வந்துவிட்டால், மீண்டு வந்த நினைவு தரும் அதே பலன் கிடைக்கும் என்பது அவர் வாதம். இந்த வாதம்தான் பிற்பாடு அத்தனை சண்டைக்கும் ஆரம்பம்.

அந்தச் சண்டைக்கு நல்ல உதாரணம் ஓநாய் மனிதர் என்று பெயர் பெற்ற செர்கேய் பங்கேயெவ். 1910 முதல் 1914 வரை ஃபிராய்டிடம் சிகிச்சை பெற்றவர். சிறுவயதில் கண்ட ஒரு கனவைச் சொன்னார்: ஜன்னல் தானாகத் திறக்கிறது, வெளியே மரத்தில் ஆறேழு வெள்ளை ஓநாய்கள் அசையாமல் உட்கார்ந்து தன்னையே பார்க்கின்றன. இதிலிருந்து ஃபிராய்ட் கட்டியது: ஒன்றரை வயதில், மலேரியாவோடு பெற்றோரின் அறையில் படுத்திருந்த குழந்தை, ஒரு பிற்பகலில் அவர்களுடைய உடலுறவைப் பார்த்தது. நோயாளிக்கு இது ஒருபோதும் ஞாபகம் வரவில்லை. 1918-இல் வெளியான அறிக்கையிலேயே ஃபிராய்ட் மாற்று வழியையும் திறந்து வைக்கிறார். நாய்கள் இணைவதைப் பார்த்த குழந்தை அதைப் பெற்றோர் மேல் ஏற்றியிருக்கலாம், தீர்ப்புச் சொல்ல முடியவில்லை என்கிறார். முதுமையில் பங்கேயெவ் ஒரு பத்திரிகையாளரிடம், தான் தூங்கியது தாதியின் அறையில்தான், இந்தக் கதை வலிந்து கட்டியது என்றார். மலேரியா, பிற்பகல், உடலின் நிலை என்று விவரம் கூடக் கூடக் கட்டுமானம் பலவீனமாகிறது. இந்த வழக்கிலிருந்து பழகுநர் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

ஏன் பலவீனமாகிறது என்பதற்கு நினைவாற்றல் ஆய்வு பதில் தருகிறது. பெரியவர்களிடம் முதல் நினைவைக் கேட்டால் சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சொல்வார்கள். அதற்கு முந்தியது கதையாகச் சொல்லக்கூடிய வடிவில் சேமிப்பில் இல்லை; தோண்டினாலும் கிடைக்காது. பிந்தியதும் பதிவு நாடாபோல் இருப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது என்று உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932-இலேயே காட்டினார். 1995-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 24 பேரிடம், நீங்கள் சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனீர்கள் என்ற பொய்யை, உறவினர் சொன்ன உண்மைச் சம்பவங்களோடு கலந்து கொடுத்தார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேர் முழுதாகவோ பாதியாகவோ அதை நினைவாக ஏற்றார்கள். சில பக்கக் கையேட்டுக்கும் ஓரிரு நேர்காணலுக்கும் இத்தனை பலம் என்றால், வாரம் நான்கு நாள் வருடக்கணக்கில் நம்பிக்கையோடு கேட்கப்படும் ஒரு குரலுக்கு எத்தனை பலம் இருக்கும்?

ஆனால் கதையாகச் சேமிக்கப்படாதது வேறு விதமாகச் சேமிக்கப்படுகிறது. யாரிடம் எவ்வளவு நெருங்கலாம், அழுதால் யார் வருவார்கள், கோபப்பட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் சைக்கிள் ஓட்டும் பழக்கம்போல உடம்பில் படிந்துவிடுகிறது. 1999-இல் உளப்பகுப்பாய்வாளர் பீட்டர் ஃபொனகி இதை வைத்தே, குணம் தருவது நினைவுகளை மீட்பது அல்ல, உறவில் இருக்கும் இந்தப் பழக்கங்கள் மாறுவதுதான் என்று வாதிட்டார். இன்னொரு உளப்பகுப்பாய்வாளரான ஹெரால்ட் புளூம், கடந்த காலத்தை விட்டுவிட்டால் டிரான்ஸ்ஃபரன்ஸையே புரிந்துகொள்ள முடியாது என்று மறுத்தார். என் பார்வையில் ஃபொனகி நினைவைப் பற்றிச் சொன்னது சரி, புளூம் மீட்டுருவாக்கத்தைப் பற்றிச் சொன்னது சரி. இருவரும் பேசியது ஒரே பொருளைப் பற்றி அல்ல. நினைவு திரும்பாமலே மீட்டுருவாக்கம் நடக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று அருகில் சென்று பார்ப்போம். நடைமுறையில் அடிக்கடி காணும் அம்சங்களைச் சேர்த்துப் புனைந்த எடுத்துக்காட்டு இது. வாரம் மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் 50 நிமிடம். வருபவர் நாற்பதை நெருங்கும் ஆண். உள்ளே வந்ததும் சிகிச்சையாளரின் முகத்தை ஒரு கணம் பார்ப்பார், பிறகு ஏதாவது வேடிக்கையான சம்பவத்தோடு ஆரம்பிப்பார். சிகிச்சையாளர் இருமினால் பேச்சின் வேகம் கூடும். அமர்வு முடிந்ததும் சிகிச்சையாளருக்குச் சிரித்த களைப்பும், கூடவே காரணம் புரியாத ஒரு தனிமையும் மிஞ்சும்; பல வாரங்கள் கழித்துத்தான் இதைத் தனியாகக் குறித்துவைக்கத் தோன்றியது. தெரிந்த தகவல்: அவருக்கு மூன்று வயதில் பிறந்த தங்கை சில வாரங்களில் இறந்துவிட்டாள். அம்மாவைப் பற்றிக் கேட்டால் ரொம்பத் திடமானவர், அழுததே இல்லை என்பார். ஒரு நினைவு மட்டும் பளிச்சென்று இருக்கிறது: சமையலறை வாசலில் நின்று குரங்குபோல் முகத்தைக் கோணுகிறார், அம்மாவின் முதுகு தெரிகிறது. சிகிச்சையாளர் இரண்டு வாரம் விடுப்பில் போய்த் திரும்பியபோது, ஒரு கனவு: எல்லா விளக்கும் எரியும் கடை, உள்ளே ஆளே இல்லை.

இங்கே கையில் இருப்பவற்றைக் கவனியுங்கள். அறைக்குள் திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்று, வெளியிலிருந்து சரிபார்க்கக்கூடிய ஒரு மரணம், திரை நினைவு மாதிரியான ஒரு காட்சி, ஒரு கனவு, சிகிச்சையாளரின் சொந்த உணர்வு. இவற்றில் எந்த ஒன்றும் தனியாகப் போதாது. கனவை மட்டும் வைத்துக் கட்டுவதுதான் ஓநாய் மனிதர் வழக்கின் கோளாறு. குறைந்தது மூன்று வெவ்வேறு பக்கங்களிலிருந்து வருபவை ஒரே இடத்தைக் காட்டும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்ல பழக்கம். அதிலும் அறைக்குள் நடப்பது கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும். பிறப்பு, இறப்பு, இடம் மாறியது, மருத்துவமனையில் தங்கியது, பள்ளி தொடங்கியது போன்ற தேதிகளை முதல் சில சந்திப்புகளிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் கை கொடுக்கும். அப்போது அவை எதற்கு என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

முதலில் சொல்வது நிகழ்காலத்தை: "நான் களைப்பாக இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் நீங்கள் பேச ஆரம்பிக்கிறீர்கள் போலிருக்கிறது." இது பலமுறை, பல கோணங்களில் பேசப்பட்டு, அவரே "இன்னிக்கும் பார்த்தேன்" என்று சொல்லும் நிலை வந்த பிறகுதான் கட்டுமானம்: "உங்களுக்கு மூன்று வயதில் தங்கை இறந்தாள். அம்மா வீட்டில்தான் இருந்தார். ஆனால் கொஞ்ச காலம் அவருக்கு உங்கள் பக்கம் திரும்ப முடியாமல் போயிருக்கலாம். அவரைத் திரும்ப வைப்பது தன் பொறுப்பு என்று அந்தப் பையன் எடுத்துக்கொண்டானோ என்னவோ. இங்கேயும் அந்த வேலையை நீங்கள் இன்னும் விடவில்லை என்று தோன்றுகிறது."

சில வாக்கியங்கள்தான். ஏற்கெனவே தெரிந்த நிகழ்ச்சி ஒன்று, அதன் மேல் ஓர் ஊகம், குழந்தை அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பது, அது இன்று தொடரும் இடம். புதிதாக எந்தச் சம்பவமும் சேர்க்கப்படவில்லை. அம்மா உங்களைக் கவனிக்கவில்லை என்று யாரையும் குற்றவாளியாக்கவும் இல்லை. மீட்டுருவாக்கப்படுவது அந்த வீட்டின் அன்றைய சூழலும் அதற்குள் ஒரு பையன் எடுத்த முடிவும். அதிர்ச்சி தரும் ஒற்றைச் சம்பவத்தைவிட நீண்டகால அழுத்தமே பல வாழ்க்கைகளை வடிவமைக்கிறது, பல நாள் நடந்தவை ஒரே காட்சியாகச் சுருங்கி நினைவில் நிற்கின்றன என்று 1956-இல் உளப்பகுப்பாய்வாளர் எர்ன்ஸ்ட் கிரிஸ் எழுதினார். அந்தக் கணக்கில் சமையலறை வாசல் ஒரு நாளின் காட்சி அல்ல, ஒரு பருவத்தின் காட்சி.

நேரமும் முக்கியம். அமர்வின் கடைசி பத்து நிமிடத்தில் இதைச் சொல்லக்கூடாது. அவர் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். விடுப்புக்கு முந்தின வாரமும் கூடாது. அழுதுகொண்டோ கொதித்துக்கொண்டோ இருக்கும்போது சொன்னால், அந்த உணர்ச்சியை நிறுத்தச் சொன்ன மாதிரி கேட்கும்.

சொன்ன பிறகு எப்படிச் சோதிப்பது? "பூ விழுந்தால் எனக்கு ஜெயம், தலை விழுந்தால் உனக்குத் தோல்வி" என்ற கணக்கில் உளப்பகுப்பாய்வு வாதாடுகிறது என்ற கேலியை எடுத்துக்காட்டித்தான் ஃபிராய்ட் 1937 கட்டுரையைத் தொடங்குகிறார். நோயாளி ஆம் என்றால் சரி, இல்லை என்றால் அது அவர் மனதின் எதிர்ப்பு, ஆகவே அப்போதும் சரி! அவருடைய பதில்: ஆமும் இல்லையும் இரண்டுமே தனியாக எதையும் நிரூபிக்காது. ஆம் என்பது மரியாதைக்குச் சொன்னதாக இருக்கலாம். இல்லை என்பது பெரும்பாலும் கட்டுமானம் அரைகுறை என்பதைக் காட்டும். பார்க்க வேண்டியது அதற்கு அப்புறம் வருவதை. நம் எடுத்துக்காட்டில் அவர் "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்கிறார், சற்று மௌனம், பிறகு சம்பந்தமே இல்லாததுபோல், அந்த வீட்டுச் சமையலறைத் தரையின் கட்டங்களை நிறத்தோடு விவரிக்கிறார். மையத்தைத் தொடாமல் அதன் ஓரத்து விவரங்கள் அளவுக்கு மீறிய தெளிவோடு வருவதை ஃபிராய்டும் குறித்திருக்கிறார். அடுத்த இரண்டு மூன்று அமர்வுகளில் புதிய கனவு, எதிர்பாராத தகவல், நோய்க்குறி சட்டென்று கூடுவது, இவையும் கணக்கில் வரும். ஆனால் இவற்றைவிட நான் நம்பும் அறிகுறி நடத்தை மாற்றம்: ஒரு நாள் அவர் வேடிக்கைக் கதை எதுவும் இல்லாமல் வந்து உட்கார்ந்து, எரிச்சலாக இருக்கிறது என்கிறார். பழைய வேலையை ஒரு நாளாவது விட்டுவிட்டார். ஒன்றுமே நிகழாமல் பேச்சு பழைய தடத்திலேயே போனால், கட்டுமானம் தவறு அல்லது காலத்துக்கு முந்தியது. விட்டுவிட வேண்டும்.

தவறான கட்டுமானம் ஒரு தீங்கும் செய்யாது, நோயாளியைத் தொடாமல் போய்விடும் என்று ஃபிராய்ட் எழுதினார். ஒரு முறை சொல்லிவிட்டு விட்டால் அது சரி. மறுபடி மறுபடி சொன்னால் சரியல்ல. 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. உணவுக் கோளாறையோ மனச்சோர்வையோ கண்டதும், மறந்துபோன பாலியல் வன்முறை இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, ஹிப்னாஸிஸ், வழிகாட்டிய கற்பனை, மயக்கம் தரும் சோடியம் அமைட்டால் ஊசி என்று எதைக் கொண்டாவது நினைவை வரவழைத்தார்கள் சில சிகிச்சையாளர்கள். 1994-இல் கலிஃபோர்னியாவின் நாபாவில், இப்படிக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு தந்தைக்கு மகளின் சிகிச்சையாளர்கள் தரப்பு 5 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்தது. ஆகவே, "எனக்கு ஏதாவது நடந்திருக்குமோ?" என்று ஒருவர் கேட்டால் ஆமென்றும் சொல்லக்கூடாது, இல்லையென்றும் சொல்லக்கூடாது. தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். அந்தச் சந்தேகம் இப்போது எழுவதை ஆராயலாம். குடும்பத்தாரிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்புவது சிகிச்சையாளரின் வேலை அல்ல. அவராகவே போய் பழைய புகைப்படங்களைப் பார்த்து வந்தால், அதுவும் பேச வேண்டிய பொருள்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தனக்கு நடந்த கொடுமையை ஒருநாளும் மறக்காதவரிடம் மீட்டுருவாக்க எதுவும் இல்லை. அவர் நம்பப்பட வேண்டும். குழந்தைக்கு நடந்ததைப் பெரியவர்கள் நடக்கவே இல்லை என்று மறுப்பது காயத்தை இன்னும் மோசமாக்குகிறது என்று உளப்பகுப்பாய்வாளர் ஷாண்டோர் ஃபெரன்ட்சி 1932-இல் எச்சரித்தார். அப்படிப்பட்டவர் சொல்வதையெல்லாம் டிரான்ஸ்ஃபரன்ஸ், கற்பனை என்று திருப்பிவிடும் சிகிச்சையாளர் அந்த மறுப்பை இன்னொரு முறை செய்கிறார்.

நாள்தோறும் நிகழும் பிழை இவ்வளவு பெரியதல்ல, ஆனால் கண்டுபிடிப்பது கடினம். சிகிச்சையாளர் மேல் கோபம் எழும் நேரத்தில், "உங்கள் அப்பாவிடமும் இப்படித்தானே" என்று பேச்சைக் கடந்த காலத்துக்குத் தள்ளிவிடுவது. இருவருக்கும் நிம்மதி; கோபம் தப்பித்துவிடுகிறது. காலத்துக்கு முன்னால் சொன்ன கட்டுமானத்துக்கும் இதே கதிதான். "எல்லாம் அம்மாவால் வந்தது" என்று ஆறு மாதத்தில் சரளமாகச் சொல்வார், வாழ்க்கையில் ஒன்றும் மாறியிருக்காது.

கதை பொருந்தி வந்தால் போதும், உண்மையாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்ற வாதமும் உண்டு. 1982-இல் உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் ஸ்பென்ஸ் கதையின் உண்மை வேறு, வரலாற்றின் உண்மை வேறு என்று பிரித்ததிலிருந்து வலுத்தது. எனக்கு இதில் பாதி உடன்பாடு. சரிபார்க்க முடியாதவற்றில் கோவைதான் கிடைக்கும். ஆனால் தங்கை இறந்தது மூன்று வயதிலா எட்டு வயதிலா என்பது கதையின் அழகைப் பொறுத்ததல்ல. மூன்று வயதுக் குழந்தை தன் ஆசையே அவளைக் கொன்றது என்று எளிதாக நம்பும். எட்டு வயதில் அந்த நம்பிக்கை வேறு வடிவில் இருக்கும். சொல்லும் கதை வயதோடு பொருந்தவில்லையென்றால் கதையைத்தான் மாற்ற வேண்டும்.

எல்லோருக்கும் இது ஏற்றதல்ல. தீவிர மனச்சிதைவு, தற்கொலை அபாயம், வீட்டில் இன்று நடந்துகொண்டிருக்கும் வன்முறை, இவற்றில் கடந்த காலம் காத்திருக்கும். உணர்ச்சியும் உறவுகளும் நிலையாக நிற்காத பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கான ஓட்டோ கெர்ன்பெர்கின் முறையும், ஃபொனகியும் ஆண்டனி பேட்மனும் வகுத்த முறையும் தொடக்கத்தில் நிகழ்காலத்தோடுதான் நிற்கின்றன. 16 அமர்வு மாதிரியான குறுகிய சிகிச்சையில் ஒரே ஒரு கட்டுமானத்துக்குத்தான் இடம் உண்டு, அதுவும் நடுவில்.

ஆங்கிலேய உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிக்காட் இறந்த பின் 1974-இல் வெளியான கட்டுரை ஒன்று, மீட்டுருவாக்கத்தின் எல்லையைக் காட்டுகிறது. மனம் உடைந்துவிடுமோ என்று ஒருவர் அஞ்சும் அந்த உடைவு ஏற்கெனவே நடந்துவிட்டது, ஆனால் அதை அனுபவிக்கும் அளவுக்கு அப்போது அவர் வளர்ந்திருக்கவில்லை என்கிறார். நினைவுகூர எதுவும் பதிவாகவில்லை. சிகிச்சையாளரின் தவறு ஒன்று, ஒரு மறதி, ஒரு தாமதம் மூலமாக, அது அறைக்குள் முதன்முறையாக அனுபவிக்கப்படுகிறது. இது ஏற்கெனவே நடந்தது என்று அந்த நேரத்தில் சொல்வதற்கு மட்டுமே கட்டுமானம் அங்கே பயன்படும்.

நல்ல கட்டுமானம் முதலில் சொன்ன வடிவத்தில் நிலைத்து நிற்பது அபூர்வம். மேலே சொன்னவர் ஒரு வருடம் கழித்து அதைத் திருத்தக்கூடும்: "அம்மாவைச் சிரிக்க வைக்க இல்லை. பாப்பா போகட்டும் என்று நினைத்தேன், போய்விட்டாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்." சிகிச்சையாளர் சொன்னதில் தேதியும் சமையலறை வாசலும் மட்டும் மிஞ்சும், காரணம் தலைகீழாகிவிடும். இந்தத் திருத்தம் வர இடம் விட்டுத்தான் முதல் முறை "திரும்ப முடியாமல் போயிருக்கலாம்", "என்னவோ" என்றெல்லாம் சொல்லப்பட்டது. இரண்டாவது வடிவத்தையும் சிகிச்சையாளர் அதே மாதிரிதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.